கொடிக்கால் நாரும் குழந்தையின் தடுப்பூசியும்



லால்பேட்டைப் பக்கம் போனவர்கள் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்திருப்பீர்கள். வீராணம் ஏரிப் பாசனமுள்ள அந்த மண்ணில் வரிசை வரிசையாக அகத்தி மரங்கள் நிற்கும். அவற்றின்மேல் வெற்றிலைக் கொடி ஏறிப் படர்ந்திருக்கும். கொடி தன் சிறு வேர்களால் மரத்தைத் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் அதற்குச் சில நாள் ஆகும். அதுவரை யாராவது அதை மரத்தோடு சேர்த்துக் கட்டி நிறுத்த வேண்டும். அந்தக் கட்டுக்கு வாழைநாரைத்தான் எடுப்பார்கள். நைலான் கயிறு இன்னும் உறுதியானதாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறுதிதான் தொல்லை. கொடி தடிக்கத் தடிக்க நைலான் அதை நெரிக்கும். ஆயிரக்கணக்கான கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆள் தேட வேண்டும். வாழைநாரோ கொடி பிடிக்கும்வரை தாங்கும். பிறகு மழையிலும் பனியிலும் ஊறி, இற்று, மண்ணோடு மண்ணாகப் போய்விடும்.

தேவைப்படும் நாள்வரை இருக்க வேண்டும். தேவை முடிந்ததும் இல்லாமல் போக வேண்டும். இந்தக் குணமுள்ள பொருள்களைத்தான் மருத்துவ உலகம் அரை நூற்றாண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலை இப்போது இயந்திரங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இது நல்லதுதானா, நமக்கு இதில் என்ன பங்கு என்பதுபற்றி என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் நம் வீட்டு விஷயம் ஒன்று. தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைக்கு ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலண்ட் ஊசியை ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடுகிறார்கள். மூன்று தடவை. ஏன் மூன்று? முதல் ஊசி உடலின் காவல் படைக்கு எதிரியை அறிமுகம் செய்கிறது. அடுத்தவை நினைவூட்டுகின்றன. நினைவூட்டல் இல்லாவிட்டால் அறிமுகம் மங்கிவிடும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். முதல் ஊசி தாய்வீட்டு ஊரில் நடந்துவிடும். பிறகு குழந்தையோடு கணவன் வீட்டுக்கு வருவாள். இரண்டாவது ஊசி இந்த ஊர்க் கணக்கா, அந்த ஊர்க் கணக்கா என்பதிலேயே ஒரு மாதம் நழுவிவிடும். அதோடு மழைக்காலமும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டாம். 2015ஆம் ஆண்டு இறுதியில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தபோது, 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டிய மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் சுமந்துகொண்டு, தண்ணீருக்கு நடுவே ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்வது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரே ஒரு ஊசி போதும் என்றால்? அந்த ஒரே ஊசியில் கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகள் மூன்று வகை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகை இன்றே கரைந்து மருந்தைக் கொடுக்கிறது. இன்னொன்று ஒரு மாதம் கழித்து. மூன்றாவது இரண்டு மாதம் கழித்து. செவிலியர் மறுபடி வர வேண்டியதில்லை. உருண்டையே நாளைக் கணக்கிட்டுக்கொள்ளும். கேட்பதற்குக் கதைபோல இருந்தாலும் இது வேதியியலுக்கு அப்பாற்பட்டதல்ல.

சங்கிலிபோலச் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நிற்பதே பலபடி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பாலித்தீனும் பலபடிதான், ஆனால் அதன் கண்ணிகளைத் தண்ணீரால் வெட்ட முடியாது. லாக்டிக் அமிலத்தைக் கோத்துச் செய்த சங்கிலி அப்படியல்ல. தயிரைப் புளிக்க வைப்பதும், ஓடிக் களைத்தபோது நம் தசையில் சேர்வதும் இதே லாக்டிக் அமிலந்தான். அதன் சங்கிலி உடலுக்குள் ஈரத்தில் மெல்ல மெல்ல அறுபடும். அறுபட்ட துண்டுகளை உடல் தன் வழக்கமான உணவுக் கழிவைப் போலவே கையாண்டுவிடும். இதன் தம்பி என்று சொல்லத்தக்க கிளைக்காலிக் அமிலத்தின் சங்கிலியிலிருந்து, தானே கரையும் தையல் நூல் 1970களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தையல் பிரிக்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அதுதான். 1976இல் ராபர்ட் லாங்கர், ஜூடா ஃபோக்மேன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் பலபடிக்குள் அடைத்து மெல்ல மெல்ல வெளிவிடச் செய்யலாம் என்று காட்டினார்கள். அதன்பிறகு வழி திறந்துகொண்டது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. லாக்டிக், கிளைக்காலிக் இரண்டையும் கலந்து சங்கிலி செய்தால் எத்தனை நாளில் கரையும்? லாக்டிக் மட்டும் இருந்தால் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கிளைக்காலிக்கை நூற்றுக்கு 25 பங்கு சேர்த்தால் சுமார் நான்கைந்து மாதம். சரிபாதியாகக் கலந்தால் ஒன்று அல்லது இரண்டு மாதம். ஆகா, கிளைக்காலிக் கூடக் கூட வேகம் கூடுகிறது. முழுக்க அதையே போட்டால் ஒரு வாரத்தில் கரைந்துவிடும் என்றுதானே கணக்குப் போடுவீர்கள்? நானும் அப்படித்தான் போட்டேன். தவறு. முழுக்கக் கிளைக்காலிக் என்றால் மறுபடி ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுவரை இழுக்கிறது. காரணம், ஒரே வகைக் கண்ணிகள் மட்டும் இருந்தால் சங்கிலிகள் அடுக்கிய செங்கல்போல நெருங்கிப் படிகமாகிவிடுகின்றன. தண்ணீர் உள்ளே நுழைய இடமில்லை. இரண்டு வகையும் கலந்திருந்தால் அடுக்கு கலைந்து ஈரம் எளிதாகப் புகுந்துவிடுகிறது.

கலவை விகிதம் ஒன்றுக்கே இந்தப் பாடு. சங்கிலியின் நீளம், உருண்டையின் அளவு, தயாரிக்கும் முறை எல்லாமே கரையும் நாளை மாற்றும். ஒவ்வொன்றிலும் பத்து வகை என்று வைத்தாலும் பத்தாயிரம் சேர்க்கைகள். ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு வீதம் விடுமுறையே எடுக்காமல் செய்து பார்த்தால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த ஆறு வாரக் குழந்தை எட்டாம் வகுப்புக்குப் போயிருக்கும்!

இயந்திரம் நுழைந்தது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லாங்கரின் குழு, ஒருபக்கம் 7 வகைப் பொருள்களையும் மறுபக்கம் 20 வகைப் பொருள்களையும் எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து 140 புதிய பலபடிகளைச் செய்தது. 2001இல் வெளிவந்த செய்தி இது. 2003இல் அதே குழு தானியங்கிக் கருவியின் துணையோடு 2350 பலபடிகளைச் செய்து சோதித்துவிட்டது. கருவியை மனக்கண்ணால் பாருங்கள். குழிப்பணியாரச் சட்டி தெரியுமல்லவா? அதுபோன்ற கையகலத் தட்டு. அதில் 8 வரிசையில் 12 வீதம் 96 சின்னக் குழிகள். உலோகக் கை ஒன்று மேலே நகர்ந்து ஒவ்வொரு குழியிலும் வெவ்வேறு சேர்க்கையைத் துளித் துளியாக விடுகிறது. அவர்கள் சுமக்கச் சொன்ன சரக்கு ஒரு மரபணு. மின்மினிப் பூச்சி ஒளிர்வதற்குக் காரணமான நொதியைச் செய்யும் மரபணு. எந்தப் பலபடி அதை உயிரணுவுக்குள் பத்திரமாகக் கொண்டுசேர்த்ததோ அந்தக் குழியில் வெளிச்சம் தோன்றும். வெளிச்சத்தை இன்னொரு கருவி அளந்து எழுதிக்கொள்ளும். 2350இல் சில பத்து மட்டுமே தேறின. மின்மினியை விளக்காக வைத்து மருந்து தேடிய அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நம் நாட்டில் படித்தவர்களும் இதில் முன்னணியில் இருக்கிறார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் படித்த பாலாஜி நரசிம்மன், அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த பலபடிகளை இப்படித் தொகுதி தொகுதியாகத் தயாரித்துச் சோதித்துவருகிறார். அவரும் சூர்யா மல்லப்ரகடாவும் சேர்ந்த குழுவின் முறை 2005இல் வெளிவந்தது. பாலிஅன்ஹைடிரைடு என்பது அக்குடும்பத்தின் பெயர். இவற்றின் தனிச்சிறப்பு கரையும் விதத்தில் இருக்கிறது. லாக்டிக் பலபடி, தேநீரில் தோய்த்த ரஸ்க்கைப் போல உள்ளும் புறமும் ஒருங்கே ஊறி நொறுங்கும். பாலிஅன்ஹைடிரைடோ குளியல் சோப்பைப் போல மேற்பரப்பிலிருந்து தேய்ந்துகொண்டே வரும். உள்ளே இருக்கும் சரக்கு கடைசிவரை நனையாது. மூளைக் கட்டியை அகற்றிய இடத்தில் வைத்து, அங்கேயே மருந்து கசியச் செய்யும் வில்லை ஒன்று இந்தக் குடும்பத்திலிருந்து வந்து 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சரக்கு நனையாமல் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? டெட்டனஸ் கதையைக் கேளுங்கள். 1990களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஊக்கத்தோடு, லாக்டிக்–கிளைக்காலிக் உருண்டைக்குள் டெட்டனஸ் தடுப்பு மருந்தை அடைத்து ஒற்றை ஊசியாக்கப் பலர் முயன்றார்கள். தடுப்பு மருந்து ஒரு புரதம். ஒழுங்காக மடிக்கப்பட்ட நீண்ட இழை. ஈரம் உள்ளே போனது. உடம்பின் சூடு 37 டிகிரி. சங்கிலி அறுபட அறுபட அமிலம் உள்ளேயே தேங்கியது. பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று, புரதம் திரிந்து கட்டியாகிவிட்டது. தில்லியிலுள்ள தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் அமூல்ய பாண்டாவும் அவர் குழுவினரும் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். உருண்டைக்குள் மருந்தோடு ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தையும் சோடியம் பைகார்பனேட்டையும் சேர்த்தார்கள். சோடியம் பைகார்பனேட் என்றால் நம் சமையல் சோடாதான். அமிலத்தை அங்கேயே மட்டுப்படுத்திவிடும். எலிகளில் ஒரே ஊசிக்குப் பல மாதங்கள் எதிர்ப்பொருள் நீடித்தது. ஆனாலும் ஒற்றை ஊசி டெட்டனஸ் மருந்து இன்றுவரை நம் ஆரம்ப சுகாதார நிலையத்தை எட்டவில்லை.

இதே லாக்டிக்–கிளைக்காலிக் உருண்டைக்குள் ஒரு ஹார்மோன் மருந்தை அடைத்து, ஆண்களுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு மாதம் ஓர் ஊசியாக 1989இலேயே அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அது தேறியது, இது ஏன் தேறவில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று வேதியியல்: அந்த ஹார்மோன் மருந்து ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட குட்டி மூலக்கூறு, டெட்டனஸ் புரதமோ ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களின் மடிப்பு. மற்றது வேதியியல் அல்ல. புற்றுநோய் ஊசிக்கு நல்ல விலை கொடுக்க ஆள் இருக்கிறது. டெட்டனஸ் ஊசியை வாங்குவது ஏழை நாட்டு அரசுகள். சில ரூபாய்க்குமேல் கொடுக்க அவற்றால் ஆகாது. கடினமான கணக்கை விடாமல் போட்டுக்கொண்டிருக்க யாராவது செலவழிக்க வேண்டுமல்லவா?

இங்கே நீங்கள் என்னை மடக்கலாம். ஒற்றை ஊசி இல்லாமலேயே, தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டதே என்று. உண்மை. அந்தப் பெருமை கிராமம் கிராமமாக நடந்த சுகாதாரச் செவிலியர்களுடையது. ஆனால் அந்த நடையை ஒவ்வோராண்டும் ஒவ்வொரு நோய்க்கும் மறுபடி நடந்தாக வேண்டும். மூன்று நடையை ஒன்றாகக் குறைக்க முடியுமானால் மிச்சமாகும் இரண்டு நடையில் அவர் செய்ய வேறு வேலை ஏராளம்.

ஆகவே என் கருத்து இது: இயந்திரம் வரட்டும், ஆனால் அது ஒரு சல்லடை என்பதை மறக்க வேண்டாம். சல்லடையின் கண் எந்த அளவோ அந்த அளவுக்குத்தான் சலிக்கும். கண்ணை அளந்து வைப்பவர் மனிதர்.

முதலாவது, எது தேறியதாகக் கணக்கு? தட்டில் வளர்த்த உயிரணுவில் அதிகமாக ஒளிர்ந்தது என்பதால் ஒரு பலபடி உடலுக்குள்ளும் சிறக்கும் என்று சொல்ல முடியாது. தட்டில் இரத்த ஓட்டம் இல்லை, ஈரல் இல்லை. தட்டில் முதலிடம் பெற்றவை எலியின் உடலில் பின்தங்கியது உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. பாஸ்டனில் உள்ள ஆய்வகத்தில் குளிர்பெட்டி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே கண் அளக்கும்போது வெயில் நினைவுக்கு வருவது அரிது. ஐயோவாக் குழு, வெப்பத்தில் வைத்தாலும் புரதம் கெடாமல் இருக்கிறதா என்றும் கேட்டதை நான் பாராட்டுகிறேன். நம் சித்திரை மாதத்தில், மின்சாரம் நின்ற ஒரு மதியம் முழுதும் தாங்குமா? இது நம் சல்லடையில் முதல் கண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, சல்லடையில் எதைப் போடுகிறோம்? போடாத நெல் முறத்துக்கு வராது. மேல்நாட்டு ஆய்வகங்கள் பெரும்பாலும் வேதிப்பொருள் விற்கும் கம்பெனிகளின் விலைப்பட்டியலிலிருந்து பொருள்களைத் தேர்ந்தெடுக்கின்றன. சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டைக் கரையில் இறால் ஓடும் நண்டு ஓடும் குவியலாகக் கிடக்கும். அந்த ஓட்டில் கைட்டின் என்ற பலபடி இருக்கிறது. அமிலத்தால் சுண்ணாம்பை நீக்கி, காரத்தால் புரதத்தை நீக்கி, மேலும் வலுவான காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான் கிடைக்கும். உடலுக்குள் சிதையக்கூடியது, மூக்கு, குடல் போன்ற ஈரச் சவ்வுகளில் ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கடல் உயிரிகளின் ஓடுகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் நண்டு மாறினால், காய்ச்சும் நேரம் மாறினால், கைட்டோசானும் மாறுகிறது. இன்று செய்தது நாளை செய்ததுபோல் இராது. இத்தனை வகையையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கக் கை போதாது. கைட்டோசானுக்குத்தான் தானியங்கி அதிகமாகத் தேவை என்பேன்.

நம் நாட்டில் ஆள்கூலி குறைவு, இயந்திரம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நானே கல்லூரி மாணவனாக இருந்தபோது செய்ததைச் சொல்கிறேன். வாயால் உறிஞ்சித்தான் அன்று பிப்பெட்டில் அளப்போம் (நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்!). ஒரு களிமத்தைப் பத்து முறை செய்தேன். ஒன்பது முறை கெட்டுப்போயிற்று. பத்தாவதை மட்டும் ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஒன்பது தடவை ஏன் கெட்டது என்பது எங்கும் பதிவாகவில்லை, எனக்கே மறந்துவிட்டது. உலோகக் கைக்கு வெட்கம் கிடையாது. தேறாத இரண்டாயிரத்தையும் தேறிய சில பத்தையும் ஒரே மை கொண்டு எழுதும். இன்று கணிப்பொறிகள் இப்படிச் சேர்ந்த பதிவுகளைப் படித்து, இன்னும் செய்யாத பலபடி எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கின்றன. வெற்றியை மட்டும் காட்டினால் அது என்னைப் போன்ற மாணவனின் நோட்டைப் படித்ததுபோல் ஆகிவிடும்.

அதனால் நம் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக ஆளுக்கொரு சிறு கருவி வாங்கி உறை போட்டு மூடி வைப்பதைவிட, மாநிலத்துக்கு ஒரு பொதுச் சோதனைக்கூடம் வைத்து, எந்தக் கல்லூரி மாணவரும் தம் பொருளை அனுப்பிச் சோதித்துக்கொள்ள வழி செய்வது நல்லது. தேறாதவற்றின் பட்டியலும் அங்கே எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். 2017இல் லாங்கர் குழு, நுண்ணிய கிண்ணம்போலப் பலபடியை வார்த்து, மருந்தை நிரப்பி, மூடியிட்டு அடைக்கும் முறையைக் காட்டியது. குறித்த நாளில் மூடி சிதைந்து மருந்து மொத்தமாக வெளியேறுகிறது. மூன்று ஊசியை ஒன்றாக்கும் கனவு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நாமும் அந்தக் கணக்கில் கலந்துகொள்ளலாம்.

நீங்கள் இப்போதே ஒன்று செய்து பார்க்கலாம். நோன்புக் காலத்தில் லால்பேட்டை வீடுகளில் கடல்பாசி காய்ச்சுவார்கள். அதுவும் ஒரு பலபடிதான். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ஒரே அளவுத் தண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு கடல்பாசி போட்டுத் தனித்தனியே காய்ச்சி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பீட்ரூட் சாறு கலந்து உறையவிடுங்கள். புட்டி மூடியால் வில்லை வில்லையாக வெட்டி, வகைக்கு நான்கு வீதம் பன்னிரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போடுங்கள். கால் மணிக்கு ஒரு முறை எந்தத் தண்ணீர் எவ்வளவு சிவந்தது என்று எழுதுங்கள். கடல்பாசி சிதைவதில்லை, சாயம் அதனூடே ஊர்ந்துதான் வெளியே வருகிறது. ஆனாலும் ‘எவ்வளவு அடைத்தால் எத்தனை நேரத்தில் வெளிவரும்’ என்ற கேள்வி அதேதான். ஒரே வகையின் நான்கு குவளைகளும் ஒரேபோல் சிவக்கவில்லையா? வில்லைகளை எடுத்து அடுக்கிப் பாருங்கள். ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிந்தும் இருக்கும். பன்னிரண்டிலேயே கை இவ்வளவு பிசகுகிறது. கெட்டுப்போன குவளையின் கணக்கையும் அடிக்காமல் நோட்டில் விட்டு வையுங்கள்.